ஓடுங்கடா, என் பயல்களா

ஓடுடா. ஏன்டா நிற்கிறாய், ஓடேன், உனக்கு என்ன குறை வைத்தேன். நிற்கிறான் என்று சொல்வதும் அநியாயம்தான், ஆடுகிறான், நின்ற இடத்திலேயே நின்று ஆடுகிறான், ஆனால் ஆட்டம் வேறு ஓட்டம் வேறு, தண்ணீரில் விழுந்த எந்தத் தூசியும் இப்படி ஆடும், அதைப் பார்க்க எனக்கு மைக்ராஸ்கோப் எதற்கு, இருட்டறை எதற்கு, இந்த ஏசிக் குளிர் எதற்கு. என் பயல்கள் ஓடுகிறவர்கள். ஒரு தலைமுடியின் குறுக்கே முப்பது பேரை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு பொடியன்கள், உயிரில்லாத வெறும் மணிகள், ஆனால் உருண்டை உடம்பில் பாதிக்குப் பிளாட்டினம் பூசி, ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த ஒரு சொட்டுத் தண்ணீரில் விட்டால் போதும், பள்ளிக்கூடம் விட்ட மாதிரி ஆளுக்கொரு பக்கம் பிய்த்துக்கொண்டு போவார்கள். பெராக்சைடுதான் அவர்களுக்கு டீசல், பிளாட்டினம்தான் என்ஜின். அந்த என்ஜின் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகளை ஒட்டி வைத்திருக்கிறேன். சிறுநீரகம் கெட ஆரம்பித்தால், ஆளுக்கே தெரியாத காலத்திலேயே, மூத்திரத்தில் ஒரு புரதம் ஒழுகத் தொடங்கும், அது வந்து கொக்கியில் மாட்டும், மாட்டினால் என்ஜின் அடைத்துக்கொள்ளும், பயல் சுணங்கிவிடுவான். ஓடினால் நல்ல கிட்னி, சுணங்கினால் கெட்ட கிட்னி. நான் இத்தனை வருஷமாகச் செய்கிற ஆராய்ச்சியை இப்படி ஒரு வரியில் சொல்லிவிடலாம், எங்கள் லேப் தலைவர் கனகசபாபதி சாருக்குத்தான் அது பிடிக்காது, ஒரே வரியில் சொன்னால் எல்லோருக்கும் புரிந்துவிடுமே அம்மா என்பார். சரி, புரியட்டும். இப்போது திரையில் ஒரு கூட்டம் பயல்கள் இருக்கிறார்கள், ஒருவனும் ஓடவில்லை. பக்கத்தில் இருக்கிற குப்பியில் என் கையெழுத்தில் நார்மல் என்று எழுதியிருக்கிறது. உள்ளே இருப்பது என்னுடையது.

நார்மல் என்பது எங்கள் லேபில் ஒரு பதவி. நோயாளிகளுடையது ஆஸ்பத்திரியிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்துவிடும், ஆனால் அதோடு ஒப்பிட்டுப் பார்க்க நல்ல உடம்புக்காரர் ஒருவருடையது வேண்டுமே, அதற்காக ரோட்டில் போகிறவரை நிறுத்திக் குப்பியை நீட்ட முடியுமா, ஆகவே லேபிலேயே யாராவது ஒருவர் கொஞ்சம் ஒதுங்கிப் போய் நிரப்பிக்கொண்டு வருவது வழக்கம். வழக்கமாகப் போகிறவர் இருதயராஜ். இந்தக் கட்டடத்திலேயே ரிக்கார்டுபூர்வமான நார்மல் மனுசன் நான் ஒருத்தன்தான் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போவார். அவர் இன்று அக்கா மகளுக்குச் சர்ச்சில் நடக்கிற புதுநன்மைச் சடங்குக்குத் தூத்துக்குடி போய்விட்டார், நார்மலும் அவரோடு பஸ் ஏறிவிட்டது. கூட வேலை செய்கிற ஹமீதா சளிக்கு மாத்திரை தின்கிறாள், அது கலந்தால் ஆகாது. மிச்சம் நான். குப்பியை என் கையில் திணித்து, "போயிட்டு வாட்டி, உலகு, வெக்கப்படாத, சயின்ஸுக்குத்தானே" என்றாள். சிரித்துக்கொண்டே போனேன், சிரித்துக்கொண்டே வந்தேன், சிரித்துக்கொண்டே நார்மல் என்று எழுதினேன், எழுதும்போதுகூட உறைக்கவில்லை, உலகம்மை, நீ என்ன காரியம் செய்கிறாய் என்று எனக்குள் ஒருத்தியும் கேட்கவில்லை. ஊரில் உள்ளவர்களுடையதையெல்லாம் இந்தக் கண்ணாடித் துண்டில் விட்டுப் பார்த்திருக்கிறேன். என்னுடையதை ஒருநாளும் பார்த்ததில்லை. மறந்துபோய் அல்ல. ஆறு வருஷமாக நான் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் தப்பித்து வந்தவள், இன்று இருதயராஜின் அக்கா மகள் வெள்ளைக் கவுன் போட்டதால் மாட்டிக்கொண்டேன்.

காலை அமுக்கிப் பார். வேண்டாம், அமுக்காதே, இப்போதுதானே அமுக்கினாய். சாக்ஸைக் கீழே தள்ளிக் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அமுக்கி எடுத்தால் குழி விழுகிறதா, விழுந்த குழி நிற்கிறதா. இதோ ஒரு தடம் நிற்கிறது. ஐயோ. இல்லை, இது சாக்ஸின் ரப்பர் தடம், அமுக்கியது இங்கே, இங்கே ஒன்றுமில்லை. ஒன்றுமில்லைதானே. அப்பாவுக்கு முதலில் வீங்கியது கால்தான். தென்காசிக்கும் சுரண்டைக்கும் மினி பஸ் ஓட்டினார், ஓட்டும்போது தண்ணீர் குடிக்க மாட்டார், குடித்தால் இடையில் எங்கே நிறுத்துவது என்பார். ஒருநாள் செருப்பு பத்தவில்லை என்று அடுத்த சைஸ் வாங்கி வந்தார், கொஞ்ச நாளில் அதற்கும் அடுத்தது, நானும் தம்பியும் அப்பா இன்னும் வளருதாங்க என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம், அவரும் சேர்ந்து சிரித்தார், ஆமாமா, லாரி ஓட்டுத அளவுக்கு வளந்துட்டுத்தான் நிப்பாட்டுவேன் என்றார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது, சிரிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டே மற்றதும் வருகிறது, டயாலிசிஸ் கட்டில், கையில் கயிறு மாதிரி புடைத்த நரம்பு, மணிக்கணக்காக அவர் பார்த்துக்கொண்டே படுத்திருந்த மின்விசிறி. எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் எங்களைக் கூப்பிட்டார், சில குடும்பங்களில் இது பிள்ளைகளுக்கும் வரும், நீங்கள் இரண்டு பேரும் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்த்துவிடுங்கள் என்றார். தலையாட்டினோம். அதற்குப் பிறகு ஆட்டிக்கொண்டேதான் இருக்கிறோம். தம்பி குத்தாலிங்கம் தென்காசியில் செல்போன் கடை வைத்திருக்கிறான், யார் என்ன சொன்னாலும் சிரிக்க வைத்துவிடுவான். "நீ முதல்ல போக்கா, உன் பின்னாலயே நான் வாரேன்" என்பான். "ஏலே, ஆம்பளச் சிங்கம், நீ முதல்ல போலே" என்பேன். தீபாவளி கழியட்டும், பொங்கல் கழியட்டும், தேரோட்டம் முடியட்டும், அவன் கல்யாணம் முடியட்டும். கல்யாணமும் முடிந்து அவன் பிள்ளை இப்போது நடக்கிறது. நாங்கள் இன்னும் நீ முதல்ல நீ முதல்ல என்று வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறோம்.

சொட்டை மாற்றினால் என்ன. மாற்றியாயிற்று, இது இரண்டாவது சொட்டு. மைக்ராஸ்கோப் கோளாறாக இருக்கலாமே. காலையில் இதே மைக்ராஸ்கோப்பில் வெறும் தண்ணீரும் பெராக்சைடும் வைத்து இதே கொக்கிப் பயல்கள் சீறிக்கொண்டு ஓடியதைப் பார்த்து நீதானே கை தட்டினாய். பயல்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று மாநாட்டில் மேடையேறிச் சொன்னதும் நீதான். வாய். இந்த வாய் சும்மா இருந்திருக்கிறதா. வாய் என்றதும்தான் தெரிகிறது, நாக்கு உலர்ந்து கிடக்கிறது, வெளியே போய் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தால் தண்ணீர் இனிக்கிறது, கேட் வாசலில் செல்லக்கனி வண்டியில் வாங்கிய நெல்லிக்காயின் வேலை, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி ஒரு கூறு, போதாமல் பை நிறைய இன்னொரு கூறு, ஒரு வாரமாக எனக்குக் காலைச் சாப்பாடே அதுதான். எவ்வளவு பயத்திலும் தண்ணீர் இனிக்கிறது, பார், நாக்குக்கு வெட்கமே கிடையாது. சாகப்போகிறவளுக்கும் இனிக்குமா. சீ, சாகிறது எங்கே வந்தது, ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் மாத்திரை இருக்கிறது, உப்பைக் குறைக்கலாம், எத்தனை பேர் நன்றாக இருக்கிறார்கள், இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் எத்தனை பேருக்கு எவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறாய், இப்போது நீயே உனக்குச் சொல்லேன், சொல்லிப் பார், தொண்டைக்குக் கீழே இறங்குகிறதா. இறங்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அவ்வளவுதான், அதற்கு மேல் அழகுபடுத்தத் தெரியவில்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது. அம்மா அந்தப் பெரிய செருப்பை இன்னும் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

"என்னட்டி, பேயறஞ்ச மாதிரி நிக்க?" ஹமீதா மூக்கை உறிஞ்சிக்கொண்டே வருகிறாள். நான் திரையைக் காட்டினேன். அவள் பார்த்தாள், குப்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் அப்பா கதை அவளுக்குத் தெரியும், மேலப்பாளையத்திலிருந்து பிரியாணித் தூக்குவாளியோடு துக்கம் கேட்க வந்து எங்கள் அம்மாவைச் சாப்பிட வைத்தவள் அவள்தான். முகம் ஒரு நொடி மாறியது, உடனே சரிசெய்துகொண்டாள், அந்த ஒரு நொடியை நான் பார்த்துவிட்டேன் என்பதையும் பார்த்துவிட்டாள். "மொட்டையப் போட்டியா?" என்றாள். இல்லை. "அதப் போடாம என்னத்துக்குட்டி கண்ணக் கசக்குத? கொக்கி மட்டும் வச்சிப் பாத்தா ஆச்சா? யாரு கிட்னின்னாலும் ரூல் ஒண்ணுதான்." மொட்டை என்பது எங்கள் பாஷை, கொக்கி ஒட்டாத வெறும் பயல்கள், அவர்கள் கிட்னியைப் பற்றி ஒன்றும் அறியாதவர்கள், புரதம் வந்தாலும் அவர்களிடம் மாட்டாது, அவர்கள் பாட்டுக்கு ஓடுவார்கள், அதனால்தான் ஒவ்வொரு முறையும் கொக்கிப் பயல்களுக்கு அடுத்து அவர்களையும் விட்டுப் பார்க்க வேண்டும். கொக்கி சுணங்கி மொட்டை ஓடினால் தீர்ப்பு உறுதி. அந்தத் தீர்ப்பைக் கேட்கத்தான் கை வரவில்லை. ஹமீதா சொல்லிவிட்டாள், இனித் தப்ப வழியில்லை. சொட்டுக்குழாயை எடுக்கிறேன், மூத்திரம் ஒரு சொட்டு, பெராக்சைடு ஒரு சொட்டு, மொட்டைப் பயல்கள் ஒரு சொட்டு, மேலே கண்ணாடி. ஓடாதீர்கள். என் வாழ்க்கையில் முதல்முறையாகப் பயல்களைப் பார்த்து ஓடாதீர்கள் என்று கேட்கிறேன், கால் வலிக்கிற மாதிரி நடியுங்கள், தூங்குங்கள், என்னவோ செய்யுங்கள், ஓடாதீர்களடா.

ஓடவில்லை. மொட்டைகளும் ஓடவில்லை. நின்ற இடத்தில் ஆடுகிறார்கள், அசல் தூசி மாதிரி. ஹமீதாவும் நானும் ஒருவரையொருவர் பார்க்கிறோம். மொட்டைக்கு என்ன வந்தது, மொட்டையிடம் கொக்கியே இல்லையே, அவனை யார் பிடித்து வைத்தார்கள். அப்போது மனசுக்குள் ஒரு மினி பஸ் வந்து நிற்கிறது, சுந்தரபாண்டியபுரம் தாண்டி, இரண்டு பக்கமும் சூரியகாந்தி, வண்டி இருமி இருமி நின்றுவிட்டது, அப்பா இறங்கி பானெட்டைத் திறந்து சட்டையெல்லாம் கிரீஸாக்கிக்கொண்டு அதைக் கழற்றுகிறார் இதை ஊதுகிறார், பஸ்ஸே இறங்கி நின்று ஆலோசனை சொல்கிறது, கடைசியில் கருவாட்டுக் கூடைக்காரம்மா ஒருத்தி இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமலே ஜன்னல் வழியாக, "அண்ணாச்சி, டீசலு கெடக்கா?" என்றாள். டீசல் இல்லை. ஊர் போய்ச் சேரும்வரை சிரித்தார்கள், அப்பாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். டீசல்! என்ஜினை அடைத்தால் கொக்கிப் பயல்கள் மட்டும்தான் நிற்க வேண்டும், எல்லோரும் நின்றால் டீசல் இல்லை என்று அர்த்தம், பெராக்சைடை யாரோ குடித்துவிட்டார்கள், என் மூத்திரத்தில் பெராக்சைடு குடிக்கிறவன் யார். "ஏட்டி, என்னத்தத் தின்ன?" என்று ஹமீதா கேட்கிற அதே நேரத்தில் என் கை பைக்குள் போய்விட்டது, எடுத்து மேஜையில் வைத்தேன், பச்சையாக, மினுமினுவென்று, ஒரு நெல்லிக்காய். வைட்டமின் சி! வண்டி வண்டியாக வைட்டமின் சி, உடம்புக்கு வேண்டியது போக மிச்சமெல்லாம் மூத்திரத்தில் போய்விடும், அது பெராக்சைடைக் கண்டால் விடாது, மூத்திரத்தில் சர்க்கரை பார்க்கிற காகிதப் பட்டையைக்கூட ஏமாற்றும் என்று எம்எஸ்சியில் படித்துப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். "சனியனே, ஒரு வாரமா ஆடு மாதிரி மென்னுக்கிட்டே இருந்தியே!" ஹமீதா என் முதுகில் ஒன்று வைத்தாள். நான் சிரிக்கிறேன், அவள் சிரிக்கிறாள், சிரிப்பில் அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. டீ குடிக்கப் போகலாம் வா என்றேன்.

போகலாம்தான். இங்கேயே நிறுத்திவிட்டால் எவ்வளவு சௌகரியம், குற்றவாளி கிடைத்துவிட்டான், பச்சை நிறம், உருண்டை முகம், கையும் களவுமாகப் பிடிபட்டிருக்கிறான், சாரிடம் சொன்னால் இதையே ஒரு கட்டுரையாக எழுது என்பார், நாளை இருதயராஜ் வந்துவிடுவார், பதவி அவரிடம் போய்விடும், நான் பழையபடி நீ முதல்ல நீ முதல்ல என்று வாசலில் நிற்கலாம். கதவு வரைக்கும் வந்துவிட்டேன். ஆனால் நெல்லிக்காய் சொன்னது என்ன, டீசலைத் திருடியது நான்தான் என்று சொன்னது, அவ்வளவுதான் சொன்னது. கிட்னியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீசல் இல்லாத பஸ்ஸில் என்ஜினும் கெட்டிருக்கலாமே, யார் கண்டது, ஓட்டிப் பார்த்தால்தானே தெரியும். இன்னும் கொஞ்சம் பெராக்சைடு விட்டால் போதும், இருக்கிற வைட்டமின் சியெல்லாம் அதைக் குடித்துத் தீர்ந்துபோகும், மிச்சத்தில் பயல்கள் ஓடலாம். எனக்கு அது தெரியும், ஹமீதாவுக்கும் தெரியும். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அவள் டீக்குக் கிளம்பவில்லை, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள், நாள் முழுக்க உட்காரத் தயார் என்கிற மாதிரி. சரி. சரிடி. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

பெராக்சைடு ஒரு சொட்டு கூட. மொட்டைகள் லேசாக அசைகிறார்கள். இன்னும் ஒரு சொட்டு. ஒருவன் கிளம்பினான், ஓரத்தில் இருந்தவன், கொட்டாவி விட்டு எழுந்தவன் மாதிரி நெளிந்தான், பிறகு சர்ரென்று திரையைத் தாண்டிப் போனான், அவனைப் பார்த்து அடுத்தவன், அடுத்தவன், இப்போது மொட்டைகள் எல்லோரும் ஓடுகிறார்கள், டீசல் வந்துவிட்டது. இதே அளவு பெராக்சைடு, இதே குப்பி, இனிக் கொக்கிப் பயல்கள். இவர்களுக்குத்தான் தெரியும். புதுக் கண்ணாடி, ஒவ்வொன்றாகச் சொட்டு, வேலைப் பழக்கம் கைக்கு உதவுகிறது, ஆனால் கண்ணாடியை மைக்ராஸ்கோப்பில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டேன், இந்த வயதில், ஆராய்ச்சிக்காரி, கண்ணை இறுக மூடிக்கொண்டு இருட்டறையில் உட்கார்ந்திருக்கிறேன். இருட்டில் அப்பாவின் கால் வருகிறது, அந்தச் செருப்பு வருகிறது, ஆமாமா வளருதேன் என்கிறார். நான் இதையெல்லாம் எதற்குச் செய்தேன் அப்பா, உங்களுக்குக் காட்டத்தானே, ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் நீங்கள் தண்ணீர் குடித்திருப்பீர்கள், உப்பைக் குறைத்திருப்பீர்கள், இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள், அதற்காகத்தானே இந்தப் பயல்களைப் பெற்று வளர்த்தேன், வளர்த்தவளே பார்க்கப் பயந்தால் எப்படி. "கண்ணத் தொறட்டி," என்றாள் ஹமீதா, அவள் குரலே உடைந்திருந்தது, சளியா வேறெதுவுமா தெரியவில்லை, "தொறந்து பாரு." திறந்தேன். ஓடுகிறார்கள். கொக்கியும் கையுமாக, என்ஜின் அடைபடாமல், பள்ளிக்கூடம் விட்ட மாதிரி, ஆளுக்கொரு பக்கம், ஒருவன் வட்டம் போடுகிறான், ஒருவன் இன்னொருவனை இடித்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போகிறான், ஓடுகிறார்கள், என்னுடையதில் ஓடுகிறார்கள். திரை கலங்கியது. கலங்கியது திரை இல்லை. ஹமீதா தன் கைக்குட்டையை நீட்டினாள், சளிக் கைக்குட்டை, வேண்டாம் தாயே என்று தள்ளிவிட்டு அழுதேன், சிரித்தேன், இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் மூக்கால்தான் வெளியேறுகிறது. சந்தோஷமாக இருக்கிறது. எனக்கு இவ்வளவு சந்தோஷம் எங்கே இருந்ததென்றே தெரியவில்லை.

வெளியே வந்தால் வெயில் பளீரென்று முகத்தில் அடிக்கிறது, நல்ல மத்தியான வெயில், கேட்டில் செல்லக்கனி என்னைப் பார்த்ததும் கூறு கட்டத் தொடங்குகிறாள், இன்றைக்கு வேண்டாம் என்று கையைக் காட்டினேன், அவளுக்கு அதிர்ச்சி. போனை எடுத்தேன். பயல்கள் சொன்னது பயல்கள் சொன்னதுதான், ஆனாலும் அவர்களே இன்னும் படிக்கிற பிள்ளைகள், சர்டிபிகேட் கொடுக்கிற வயசு வரவில்லை, நாளைக் காலையில் ஒழுங்காக ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட வேண்டும், இப்போது பயமில்லை, இருக்கிறது, கொஞ்சம் இருக்கிறது, பையில் வைத்துக்கொண்டு நடக்கிற அளவு. மணி அடிக்கிறது. "சொல்லுக்கா, போன்ல டிஸ்ப்ளே போச்சா?" என்கிறான் குத்தாலிங்கம், பின்னால் கடையின் இரைச்சல், யாரோ சார்ஜர் கேட்கிறார்கள். "ஏலே, நாளைக்குக் காலைல மொத பஸ்ஸப் பிடிச்சி இங்க வா. ஆஸ்பத்திரில ரத்தம் குடுக்கணும், அப்படியே என் பயலுவளுக்கும் ஒரு குப்பி குடுக்கணும்." அவன் சிரித்தான், அந்தப் பழைய சிரிப்பு. "சரிதான்க்கா, நீ முதல்ல போ, உன் பின்னாலயே..." என்று ஆரம்பித்தான். "நான் முதல்ல போயாச்சுலே," என்றேன்.

சார்ஜர் கேட்டவர் இன்னொரு முறை கேட்டார். அவன் கடையிலிருந்து வெளியே இறங்கி வருகிறான் போல, இரைச்சல் குறைகிறது, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது. "போயி?" என்றான். குரல் அப்படிச் சின்னதாகி நான் கேட்டதே இல்லை, அப்பா கிடந்த ஆஸ்பத்திரியின் வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கேட்டதற்குப் பிறகு.

"ஓடுதானுவ லே. எல்லாப் பயலும் ஓடுதான்."

மூக்கை உறிஞ்சினான், அவனுக்கும் சளி போலிருக்கிறது. "மொத பஸ்ஸுலயே வாரேன்," என்றான். "எக்கா, வெறும் வயித்தோட வரணுமா?"

"வேண்டாம், நல்லா சாப்ட்டுட்டு வா," என்றேன். "நெல்லிக்கா மட்டும் திங்காத."